கணக்கு 4.76, மீட்டர் 4.45: ஒரு பேனா வடிவ பிஎச் மீட்டரைப் பற்றி

ஒரு கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை எண்ணாகக் காட்டும், சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் அளவிலான, மஞ்சள் நிறப் பேனா வடிவ பிஎச் மீட்டர் ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அச்சு அசலாக இதே உருவத்தில் நாலைந்து பெயர்களில் இணையக் கடைகளில் விற்கிறார்கள். ஆகவே அட்டைப் பெட்டியின் மேல் இருந்த பெயரை இங்கே எழுதுவதால் பயனில்லை. விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வாங்குவதற்கு முன் நான் படித்த கருத்துகளில் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரமும், மீதிப் பேர் 'தவறான அளவு காட்டுகிறது' என்று ஒற்றை நட்சத்திரமும் கொடுத்திருந்தார்கள். அந்த ஒற்றை நட்சத்திரக்காரர்களின் கூட்டத்தில் நானும் ஏறக்குறைய சேர்ந்துவிட்டேன். சேராமல் போனதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை. சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து பாடம் கேட்பார்கள். தோட்டத்து மண்ணைப் பார்க்கவும், தாங்கல் கரைசல் (கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் அதிகம் மாறாத கரைசல்) கணக்குகளைக் கரும்பலகையோடு நிறுத்தாமல் கண்ணெதிரே செய்து காட்டவும் ஒரு கருவி வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஆய்வகத்தில் பிஎச் தாளின் நிறத்தை வைத்து நான்கா ஐந்தா என்று ஊகிப்பதோடு சரி. தசம இடங்களைப் பற்றிய பேச்சே எழுந்ததில்லை.

பெட்டிக்குள் மீட்டர், நான்கு பொத்தான் மின்கலங்கள், அளவுத்திருத்தம் (பிஎச் தெரிந்த கரைசலில் வைத்து மீட்டரைச் சரிசெய்வது) செய்வதற்கான மூன்று தாங்கல் பொடிப் பொட்டலங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஒரு துண்டுக் காகிதம் ஆகியவை இருந்தன. பொட்டலங்களின் மேல் 4.00, 6.86, 9.18 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். எனக்கு வந்த 6.86 பொட்டலம் ஈரம் கோத்துக் கட்டியாகியிருந்தது. விற்றவரிடம் முறையிட்டதும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், ஒன்பது நாள் கழித்து மாற்றுப் பொட்டலம் மலையேறி வந்து சேர்ந்தது. நீருக்கு அலைய வேண்டியதில்லை. வாகன மின்கலக் கடைகளில் விற்கும் வடிநீர் போதும்.

கருவியின் முதல் குறை அளவுத்திருத்தத்திலேயே தெரிந்துவிடும். மலைக்காரர்களுக்கு அது இன்னும் தெளிவாகவே தெரியும். பொட்டலத்தின் மேல் உள்ள எண்கள் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. மார்கழியில் காலை ஏழு மணிக்கு என் மேசை மேல் இருந்த கரைசல் 14 டிகிரி. அந்தக் குளிரில் 6.86 என்ற பாஸ்பேட் கரைசலின் உண்மையான பிஎச் 6.90, 9.18 என்ற போராக்ஸ் கரைசலோ 9.28-ஐ ஒட்டி ஏறிவிடுகிறது. தாலேட் கரைசல் மட்டும் நல்ல பிள்ளையாக 4.00-லேயே நிற்கிறது. 'தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் உண்டு' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிறார்களே என்று கேட்கலாம். அந்தத் திருத்தம், கரைசலில் தோயும் கண்ணாடி முனை தரும் மின்னழுத்தத்துக்கு மட்டும்தான். பிஎச் ஓர் அலகு மாறினால் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட்டும், 15 டிகிரியில் 57.2 மில்லிவோல்ட்டும் மாறும். இந்த வேறுபாட்டைக் கருவி சரிசெய்துகொள்கிறது. கரைசலே குளிரில் வேறு பிஎச் கொண்டிருப்பதை இந்த விலைக் கருவி அறியாது; பொத்தானை அழுத்தினால் 6.86 என்றே பதிந்துகொள்ளும். நான் கண்ட வழி எளிது: பொட்டலக் கரைசல் உள்ள புட்டிகளை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, 25 டிகிரிக்கு வந்த பிறகு அளவுத்திருத்தம் செய்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் சம செறிவில், இரண்டும் 0.1 மோலாராக (லிட்டருக்கு 0.1 மோல்) உள்ள 250 மில்லி தாங்கல் கரைசலைத் தயாரித்து, கணக்கையும் கருவியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம். அமிலத்திலேயே முதல் தடங்கல். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பனிக்கட்டி போல் உறைவதால்தான் அந்தப் பெயரே வந்தது. சமவெளி ஆசிரியர்கள் இதைப் பாடமாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் புட்டியே சொல்லிவிடும். அலமாரியிலிருந்து எடுத்தபோது முக்கால் பாகம் வெள்ளைக் கட்டியாகவும், மேலே கொஞ்சம் திரவமாகவும் இருந்தது. மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும், அப்படிச் செய்யக்கூடாது. உறையும்போது தூய அமிலம் கட்டியாகப் பிரிந்து, கலந்திருக்கும் நீர் திரவப் பகுதியில் தங்கிவிடுவதால் அந்தத் திரவத்தின் செறிவு குறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தி முழுவதும் உருக்கி, குலுக்கி, பிறகுதான் எடுக்க வேண்டும். நெடி மூக்கைப் பிளக்கும் என்பதால் வெளித் திண்ணையில் கையுறையோடு இந்த வேலையைச் செய்தோம். ஏறத்தாழ 1 மோலார் கரைசல் தயாரித்து, சோடியம் ஹைட்ராக்சைடுடன் தரம்பார்த்து, செறிவைச் சரிசெய்து, அதில் 25 மில்லியை 250 மில்லி குடுவைக்கு மாற்றினோம்.

உப்பை எடைபோடும் பொறுப்பை ஒரு மாணவி ஏற்றாள். 0.025 மோல், மோலார் நிறை 82, ஆகவே 2.05 கிராம் என்று தாளில் அழகாக எழுதி, எடைபோட்டு, கரைத்து, குறிவரை நீர் சேர்த்தாள். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. பிஎச் = பிகேஏ + மடக்கை (உப்பின் செறிவு ÷ அமிலத்தின் செறிவு). அமிலம் நீரில் எவ்வளவு பிரிகிறது என்பதைக் காட்டும் பிரிகை மாறிலியின் மடக்கையைக் குறி மாற்றி எழுதினால் அதுதான் பிகேஏ. இரண்டும் சமம் என்பதால் மடக்கை சுழி. பிஎச் என்பது பிகேஏ மதிப்பேதான். பள்ளிக் கணக்குகளில் பிரிகை மாறிலியை 1.8 × 10⁻⁵ என்று எடுத்து 4.74 என்பார்கள், 1.75 × 10⁻⁵ என்ற நுட்பமான மதிப்பை எடுத்தால் 4.76. மீட்டரை உள்ளே விட்டோம். எண் மெல்ல இறங்கி 4.45-இல் நின்றது.

"சார், கணக்கு தப்பா, மீட்டர் தப்பா?" என்று அவள் கேட்டாள்.

மீட்டர்தான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க் கருவி, 0.31 வித்தியாசம், வேறென்ன இருக்க முடியும்? ஆனாலும் ஒரு வழக்கத்துக்காக 4.00 கரைசலில் மறுபடி வைத்துப் பார்த்தோம், 4.01 காட்டியது. 6.86-இல் 6.85. இரண்டு பக்கமும் சரியாகக் காட்டும் கருவி நடுவில் மட்டும் 0.31 பிசகும் என்று நம்ப இடமில்லை.

சூத்திரத்தின் மீதுதான் அடுத்த சந்தேகம். ஹென்டர்சன் என்ற அறிவியலாளர் 1908-இல் ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு எழுதிய உறவை, சோரன்சன் 1909-இல் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்த பிறகு, ஹேசல்பாக் நாம் மேலே போட்ட மடக்கை வடிவில் மாற்றி இரத்தத்தின் கார்பானிக் அமிலத்துக்குப் பயன்படுத்தினார். அதில் ஒரு தோராயம் ஒளிந்திருக்கிறது. அமிலம் சிறிதும் பிரியவில்லை, அசிட்டேட் முழுவதும் உப்பிலிருந்தே வந்தது என்று எடுத்துக்கொண்டுதான் நாம் செறிவுகளை அப்படியே போடுகிறோம். இங்கே அது செல்லுமா? தனியாக இருந்தால் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் சுமார் 1.3 விழுக்காடு பிரிந்து, பிஎச் 2.88 தரும். உப்பு சேர்ந்ததும் பொது அயனி விளைவால் (உப்பிலிருந்து வந்த அசிட்டேட், அமிலம் மேலும் பிரிவதைத் தடுப்பதால்) பிரிகை அடங்கி, ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.75 × 10⁻⁵ அளவுக்கு இறங்கிவிடுகிறது, 0.1-ஓடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு கூட இல்லை. தோராயம் குற்றமற்றது. (தாங்கல் கரைசல் கணக்கிலும் தனி அமிலத்துக்கான வர்க்கமூலச் சூத்திரத்தைப் போட்டு 2.88 என்று விடை எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். உப்பு என்ற சொல்லைக் கேள்வியில் கண்டதும் அந்தச் சூத்திரத்தை மறந்துவிட வேண்டும்.)

அப்புறம்தான் உப்புப் புட்டியின் சீட்டைத் திருப்பிப் படித்தேன். சோடியம் அசிட்டேட், மூன்று நீர் மூலக்கூறுகளுடன். மோலார் நிறை 136.08. மாணவி எடுத்த 2.05 கிராமில் இருந்தது 0.025 மோல் அல்ல, 0.0151 மோல்தான்; சரியாக எடுத்திருக்க வேண்டியது 3.40 கிராம். 0.0151-ஐ 0.025-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் −0.22. ஆக, அந்தக் குடுவையில் இருந்த கரைசலுக்குக் கணக்குப்படியே பிஎச் 4.54தான். எடையை எழுதும்போது அவள் பக்கத்திலேயே நின்றிருந்த நானும் புட்டியைப் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

0.31-இல் 0.22 போக மீதி 0.09 இருக்கிறது. இதையாவது கருவியின் தலையில் கட்டலாமா என்றால், அதற்கும் வழியில்லை. கண்ணாடி முனை அயனிகளின் எண்ணிக்கையை அளப்பதில்லை. அவை எவ்வளவு ஊக்கத்தோடு இயங்குகின்றன என்பதையே அளக்கிறது. கரைசலில் எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று சூழ்ந்து இழுத்துக்கொண்டிருப்பதால், நூறு அசிட்டேட் அயனிகள் இருந்தாலும் எண்பது அயனிகளின் வேலையே நடக்கிறது. மின்சுமையற்ற அசிட்டிக் அமில மூலக்கூறுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே பின்னத்தின் மேற்பகுதி மட்டும் சுருங்குகிறது. அந்தக் குடுவையின் அயனிச் செறிவுக்கு, வேலை செய்யும் பங்கைக் காட்டும் இந்தக் குணகம் 0.81 அளவில் வரும். அதன் மடக்கை −0.09. நான்கு புள்ளி ஐந்து நான்கிலிருந்து 0.09-ஐக் கழித்தால் 4.45. மீட்டர் காட்டியதும் அதுதான்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட உணர்வை வெட்கம் என்பதா மகிழ்ச்சி என்பதா என்று தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் 4.74 என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டவன் நான். அடுத்த வாரம் 3.40 கிராம் எடுத்து ஒழுங்காகச் செய்தோம். 4.66 வந்தது. 0.1 மோலார் செறிவில் சமமாகக் கலந்த அசிட்டேட் தாங்கலுக்கு அளந்து நிறுவப்பட்ட மதிப்பு 4.65. அதையே பத்து மடங்கு நீர்த்தால், விகிதம் மாறாததால் சூத்திரம் பிஎச் மாறாது என்கிறது; உண்மையில் அயனிகளின் நெருக்கம் குறைவதால் அது 4.72-க்கு ஏற வேண்டும். எங்கள் மீட்டர் 4.71 காட்டியது. இந்த விலையில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

வகுப்புக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு சோதனை. 250 மில்லி தாங்கல் கரைசலில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லி சேர்த்தோம். சேர்ந்த 0.005 மோல் அமிலம் அதே அளவு அசிட்டேட்டை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும்; உப்பு 0.025-இலிருந்து 0.020-ஆகவும், அமிலம் 0.030-ஆகவும் ஆகும். கன அளவு இரண்டுக்கும் பொது என்பதால் செறிவுக்கு மாற்றாமல் மோல்களையே வகுக்கலாம், மடக்கை −0.18. மீட்டர் 4.66-இலிருந்து 4.48-க்கு இறங்கியது. முழு மதிப்பில் கணக்குக்கும் கருவிக்கும் 0.1 இடைவெளி இருந்தாலும், மாற்றத்தில் இரண்டும் அப்படியே ஒத்துப்போகின்றன என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கவனித்துச் சொன்னார்கள். விகிதத்தைத் தலைகீழாகப் போட்ட ஒருவனுக்கு 4.94 வந்திருந்தது. அமிலம் சேர்த்தால் பிஎச் ஏறுமா என்று நான் கேட்பதற்கு முன்பே அவன் அழித்துவிட்டான். அதே 5 மில்லி அமிலத்தை 250 மில்லி வெறும் வடிநீரில் விட்டபோது மீட்டர் 1.8-க்குக் குப்புற விழுந்தது. இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய அந்த நிமிடத்துக்கே கொடுத்த காசு தகும்.

வடிநீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'சுத்தமான நீரில் வைத்தால் 7 காட்டாமல் 5.8 காட்டுகிறது, ஏமாற்று' என்பது இணையத்தில் இந்தக் கருவியைப் பற்றி அடிக்கடி காணும் புகார். காற்றுப்பட்ட வடிநீர் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி 5.6 வரைக்கும் இறங்குவது இயல்பு. மேலும், அயனிகளே இல்லாத நீரில் எந்தக் கண்ணாடி முனையும் நிலைகொள்ளாமல் தள்ளாடும். மீட்டரை வடிநீரில் சோதிப்பதும், தராசில் ஒரு தூசைப் போட்டுச் சோதிப்பதும் ஒன்றுதான்.

மண்ணைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் என்ற கணக்கில் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, தெளிவு மேலே நிற்கும்போது அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கிறது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். அதற்குக் கீழே போனால் டோலமைட் போட வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த முடிவை எடுக்க முதல் தசம இடமே போதும். சேற்றுக்குள் நேராகக் குத்துபவர்கள் கண்ணாடிக் குமிழைக் கீறிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் இரவல் வாங்கிப்போய் அப்படித்தான் குத்திவிட்டு, "சார், நம்ம மண்ணு ஆறரை காட்டுது" என்று திருப்பிக் கொடுத்தார். மூடியின் பஞ்சு காய்ந்து, முனையே உலர்ந்து போயிருந்தது. மூன்று மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து அளவுத்திருத்தம் செய்த பிறகு அதே மண் 4.6 காட்டியது. முனையை ஒருபோதும் உலரவிடக் கூடாது, வடிநீரிலும் ஊறவைக்கக் கூடாது என்ற செய்தி அந்தத் துண்டுக் காகிதத்தில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் ஒற்றை நட்சத்திரங்களில் பாதி குறைந்திருக்கும்.

விளம்பரத்தில் உள்ள 'துல்லியம் 0.01' என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். திரையில் இரண்டு தசம இடங்கள் தெரிகின்றன என்பதுதான் அதன் பொருள். ஒரே கரைசலில் பத்து முறை கழுவிக் கழுவி வைத்துப் பார்த்தபோது எண்கள் 0.04 வரைக்கும் அலைந்தன. மேலே நான் எழுதியவை எல்லாம் மூன்று நான்கு முறை அளந்து எடுத்த சராசரிகள். ஒரே தடவை அளந்து 4.66 என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்களும், சிறு தோட்டக்காரர்களும் தயங்காமல் வாங்கலாம். கூடவே பொட்டாசியம் குளோரைடு கரைசலுக்கும் உபரியாக நாலு 4.00 பொட்டலங்களுக்கும் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்கோ மருந்து, உணவு தொடர்பான வேலைக்கோ இது ஆகாது. என்னுடைய பெரிய மனக்குறை ஆயுளைப் பற்றியது. கண்ணாடி முனையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியாத அமைப்பு. முதலில் இருபது வினாடிகளில் நிலைத்த எண், இப்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. உத்தரவாதம் ஓராண்டு என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்திலும், கண்ணாடி முனைக்கு உத்தரவாதம் இல்லை என்று பின்பக்கத்தில் பொடி எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். முனையை மாற்றிக்கொள்ளக்கூடிய ரகம் மூன்று நான்கு மடங்கு விலை, அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும் வரைக்கும், காலையில் வெந்நீரில் சூடேற்றிய பொட்டலக் கரைசலில் இந்த மஞ்சள் பேனா 4.00 காட்டுகிற நாள்களில் மட்டும் இதை வகுப்புக்கு எடுக்கிறேன்.